பெங்களூரா

காவேரிப்பட்டணத்து மண்டியில்
அந்தக் கிளிமூக்கு மாங்காய்க்குப் பெயர் பெங்களூரா.
மரம் எங்கள் மண்ணில் நிற்கிறது,
பூவுக்கு மருந்தடித்தது எங்கள் ஆட்கள்.
விலை வைத்த ஊரின் பெயர்
எப்போது ஒட்டிக்கொண்டதோ,
யாரும் கேட்டதில்லை.

முனிரத்னாவுக்கு மூன்று அழைப்பு வந்த மார்ச்சில்
எனக்கு இது தோன்றவில்லை.
பிறகுதான்.

ஆறடி ஒரு அங்குலம்.
வகுப்பறை நிலைக்குக் குனிந்து குனிந்து
கழுத்தில் ஒரு வணக்கம் தங்கிப்போனவள்.
இடது தோளை மயிரிழை தாழ்த்திவிட்டு
வலப்பக்கம் பாய்வாள்.
மாவட்டத்தில் அதை அறிந்தவள் நான் ஒருத்தி.
அவளுக்குப் பந்து கொடுப்பதுதான்
ஏழு வருடமாய் என் வேலை.

முதலில் ஓசூர்த் தொழிற்சாலை:
முப்பத்திரண்டாயிரம், தங்க அறை, மத்தியானச் சாப்பாடு.
அடுத்தது பெங்களூர் அணி.
இருபத்தெட்டுதான், வாடகை நம் தலையில்.
மூன்றாவதுக்குக் கடிதமில்லை;
கூழ் ஆலை அன்வர் பாஷா நேரிலேயே வந்தார்.
பதினெட்டாயிரம், ஒரு ஸ்கூட்டர்,
கோர்ட்டுக்குக் கூரை போட்டுத் தருவதாய் ஒரு வாக்கு.
"எப்போ?" என்றாள்.
"இந்த சீசன் விலை நின்னா."

ரவுண்டானா டீக்கடையில்
ஒரு பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
எந்தப் பக்கம் கூட்டினாலும் ஓசூர்தான் ஜெயித்தது.
அவள் பேனாவை மூடினாள்.
"ஓசூர்ல நாப்பது பாயிண்ட் போட்டா
கேன்டீன்ல கேக் வெட்டுவாங்க.
அங்கே இருபது போட்டா
ஷூ கம்பெனிக்காரன் போன் பண்ணுவான்."
கொஞ்சம் கழித்து, சின்னக் குரலில்:
"யாரும் என் உயரத்தைத் திரும்பிப் பாக்காத தெருவுல
ஒரு தடவ நடக்கணும்டி."

பார்க்கவும் வேண்டும்,
பார்க்காமலும் இருக்க வேண்டும்.
இரண்டையும் சேர்த்து விற்க
எங்கள் சந்தையில் கடை இல்லை.

கோபம் வந்தது எனக்கு.
ஆனால் என் உயரம் ஐந்தடி மூன்று.
கடிதம் வராதவளின் ஊர்ப்பற்று
உரைகல் பார்க்காத தங்கம்.

போனாள். தொண்ணூறு கிலோமீட்டர்.
அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பெரிய ஊர் இருந்தால்
லாரிகளே கூட
மூக்கை அந்தப் பக்கம் வைத்துத்தான் தூங்குகின்றன.

ஜூனில் மாங்கனிக் கண்காட்சிப் போட்டி.
எங்கள் ஆட்டத்துக்கு எப்போதும் எழுபது பேர்,
அதில் பாதி சொந்தக்காரர்கள்.
அன்று மதில் மேலும் ஆள்.
கைதட்டெல்லாம் எதிரணிக்கு.
அன்வர் பாஷாவின் மகன் மைக்கில் கத்தினான்:
"பெங்களூரின்... முனிரத்னா!"
அப்போதுதான் எனக்கு
மண்டி நினைவுக்கு வந்தது.

எழுபத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. தோற்றோம்.
மூன்றாம் கால்பகுதியில் ஒரே ஒரு முறை
அவள் தோள் தாழ்ந்தது.
வலப்பக்கம் நான் முன்னமே நின்றிருந்தேன்.
மோதிய வேகத்தில் மல்லாந்து விழுந்தேன்,
விசில் அவளுக்கு எதிராக.
கை கொடுத்துத் தூக்கி
"துரோகி" என்றாள், சிரித்துக்கொண்டே.
ஸ்கோர் தாளில் அவள் பெயருக்கு நேரே
ஒரு பவுல்.
என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை,
அதற்கு அங்கே கட்டமே கிடையாது.

இருட்டும்போது
அறைத் தோழிகளுக்கு ஒரு பெட்டி பழம் வேண்டும் என்றாள்.
அவள் ஷூவையும்
பையில் இருந்த கன்னட எழுத்தையும் பார்த்த கடைக்காரர்
கிலோ நூற்றிருபது என்றார்.
எங்களுக்கு எண்பது.
"அண்ணா, நான் இந்த ஊருதான்."
அவர் நிமிர்ந்து பார்த்தார்,
போதாமல் இன்னும் நிமிர்ந்தார்.
பத்து ரூபாய் குறைத்தார்.