ஆறு மணி ஒன்பது நிமிடம்

லாஸ்பேட்டை ஓடுதளத்திலிருந்து
ரீயூனியன் தீவின் சான் தெனிக்கு
நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு கிலோமீட்டர்.
பறக்க ஐந்து மணி முப்பத்தொன்பது நிமிடம்.
ஏறவும் இறங்கவும் இன்னொரு அரை மணியைக்
கணக்கே சேர்த்துக் கொடுக்கிறது,
மீன்காரம்மா கொசுறு போடுவதைப் போல.

அப்படி ஒரு விமானம் கிடையாது.
இங்கே வந்து போவது விசிறி சுற்றும் சிறுசு.
ஹைதராபாத்துக்கு மேல் அதற்கு வழி தெரியாது.

செலஸ்தீன் போனது வேறு விதம்.
ஈசிஆர் பேருந்தில் மீனம்பாக்கம்,
மும்பையில் ஏழு மணி நேரம் நாற்காலி,
மொரீசியஸில் பெட்டி தொலைந்து
கிடைத்து
மொத்தம் முப்பத்தோரு மணி நேரம்.
அவள் சொல்தா மகள், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட்.
என் கையில் ஒரு கோப்பு எண்.
தூதரக வாசல் காவலாளி இப்போதெல்லாம்
என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஆனாலும் சனி இரவு பத்து மணிக்கு
அந்த இல்லாத விமானத்தில் ஏறிவிடுகிறேன்.
விதி அவள் போட்டது:
கிளம்பியாச்சு என்று ஒரு செய்தி.
பிறகு இறங்கும்வரை பேசக் கூடாது,
நடுவானில் ஏது சிக்னல்?

காந்தி வீதியில் கடையைச் சாத்துகிறேன்.
லாமினேஷன் மெஷின் சூடு ஆறும்வரை நின்றுவிட்டுக்
கடற்கரைக்கு நடக்கிறேன்.

போன வாரம்தான் நூல் பிடித்துப் பார்த்தேன்,
பக்கத்துப் பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட
உலக உருண்டை மேல்.
ஒரு விரல் புதுச்சேரியில், ஒரு விரல் தீவில்.
நூல் வங்கக் கடலில் இறங்கவேயில்லை.
அப்படியே ஊர்ப்பக்கம் திரும்பித்
திருச்சியை உரசி, மதுரையை உரசி,
கேரளத்து ஓரத்தில்தான் தண்ணீரைத் தொட்டது.
பதினாலு மாதமாகத்
தப்பான கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில்
அங்கே ஒரு நோயாளி விழித்துக்கொண்டாராம்.

நேற்று கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.
சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் நின்றார்.
“என்னா சார், செவுத்தப் பாத்துக்கினு?”
மணி பார்த்தேன். பத்தே முக்கால்.
“மதுரை” என்றேன்.

நாலு ஒன்பதுக்கு போன் அடிக்கவில்லை.
நாலு இருபது.
நாலு நாற்பது.
எரிபொருள் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யோசித்தேன்,
நிஜமாகவே யோசித்தேன்.
நாலு ஐம்பத்திரண்டுக்கு அழைத்தாள்.
ஏழாம் கட்டில்காரர் போய்விட்டார்,
அவர் மகனுக்குச் சொல்லிவிட்டுக்
கை கழுவ நேரமாகிவிட்டது என்றாள்.
அங்கே இன்னும் மூன்றரை ஆகவில்லை.
கொஞ்ச நேரம் குழாய் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு, எப்போதும்போல:
ஜன்னல் சீட்டா?
ஆமாம்.
கீழே என்ன தெரிஞ்சுது?

பால் வண்டி ஒன்று தெருமுனையில்
பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

தண்ணி, என்றேன்.
அவ்வளவு தண்ணி.