எண்ணூறு கூடுகள்

தர்லோவின் படகில் பின்தட்டில் நிற்பவள் நான்.
அவன் கூட்டைத் தூக்குவான். நான்
சிங்கி இறாலின் கொடுக்கில் ரப்பர் மாட்டி
அழுகின மீனை இரையாய்த் திணித்துத்
திரும்பக் கடலில் தள்ளுவேன்.
ஒன்பது வருஷம். பேச்சு அதிகமில்லை.

மெய்ன் கரையில் ஆளுக்கு எண்ணூறு கூடு, அதுதான் சட்டம்.
அந்தக் கோடையில் நாங்கள் தூக்கியது முந்நூறு.
"மோட்டார் சரியில்லை" என்றான்.
மோட்டாரைத் துடைப்பவள் நான். அதற்கொன்றும் இல்லை.
நோட்டில் ஐந்நூறு என்று எழுதச் சொன்னான்.
எழுதினேன்.

முதலில் தோள்பட்டைதான். கயிறு வெட்டி இழுத்துப் பிசகியது.
டாக்டர் எழுதியது முப்பது மாத்திரை.
அது தீர்ந்தபின்
யார் எழுதினார்களோ.

ஜூலையிலும் முழுக்கைச் சட்டை.
மூடுபனி இருட்டில்கூடக் கண்மணி கடுகளவு.
சுக்கானில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான்,
வாயில் பாதி பிஸ்கட்.
புதுக் கயிறு இருநூறு பாகம் காணோம்.
கேட்டால் சிரித்தான்;
சிரிப்பு மட்டும் பழைய தர்லோ.

அவன் மனைவி வில்டாவிடம் "காய்ச்சல்" என்றேன்.
கூட்டுறவில் "காற்று பலம்" என்றேன்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்.
நான் ஒரு படகையே மறைத்தேன்.

ஆகஸ்ட் பதினொன்று. பாறைக்கு இருபது அடி.
சுக்கானில் ஆளில்லை. அவன் தரையில், உதடு நீலம்.
என் இரைப்பெட்டிக்கு அடியில்,
அக்கா மகன் செத்த வருஷத்திலிருந்து,
மூக்கில் பீய்ச்சும் அந்த மருந்து.
ஒன்று. மூச்சில்லை. வாயோடு வாய் ஊதினேன். இரண்டு.
இருமினான். என்னைத் திட்டினான்.
அதைவிட நல்ல வசவு கேட்டதில்லை.

பிறகு போன்.
ஓரிடத்தில் "இருபத்துமூன்று நாள் கழித்து."
இன்னோரிடத்தில் இசை, இசை, துண்டிப்பு.
மூன்றாவதில் ஒருத்தி கேட்டாள்:
"பக்கத்தில் இருக்கிறாரா? அவரிடம் கொடுங்கள்."
அவன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் வைக்கவில்லை.
கடைசியில் தன் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னான்.

இப்போது விடிகாலை நாலுக்குக்
கடலுக்கு முதுகு காட்டி எழுபது மைல்.
கிளினிக் ஜன்னலில் சின்னக் கோப்பை, சிவப்பு மருந்து.
விழுங்கியபின் ஒரு வார்த்தை பேசவேண்டும்,
வாயில் அடக்கவில்லை என்று காட்ட.
"தெற்குக் காற்று" என்பான். அல்லது "வாடை."
அன்றைக்கு எதுவோ அது.

அக்டோபரில் இரண்டு தரம் வழுக்கினான்.
குறித்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தவில்லை.

திரும்பும்போது மணி ஒன்பது,
மற்றப் படகுகள் பாதி முடித்திருக்கும்.
நேற்று நாங்கள் தூக்கியது நூற்றுப்பத்து.
நோட்டில் நூற்றுப்பத்து.