மதகுச் சாவி

மெரந்தி பாரு விழித்துக்கொள்வது
சேவலுக்கு முன்னால் எனக்குத் தெரியும்.
குழாய் வழி வரும் செய்தி.
நாலே காலுக்கே மட்டம் ஒரு விரல் ஏறினால்
நோன்பு மாதம்.
ஐந்தரைக்கென்றால் ஆலைச் சங்கு ஊதியாயிற்று.
ஞாயிறு மட்டும் ஒன்பது வரைக்கும்
அடக்கிக்கொண்டு தூங்கும் ஊர்.

தீபாவளிக்கு மறுநாள் முறுக்கெண்ணெய்
சல்லடைக் கம்பியில் மெழுகாய் உறையும்.
சீனப் பெருநாளென்றால் ஆரஞ்சுத் தோல்.
ஒருமுறை ஒரு பல்செட்.
கழுவி அலுவலகச் சன்னலில் வைத்தோம்.
இன்னும் அங்கேதான் சிரிக்கிறது.
எந்த வாயால் வந்து கேட்பார்கள்?

செம்பனை வரிசை முடிகிற இடத்தில் இரண்டு தொட்டி.
பள்ளிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தி ஓடும் பாதை.
நானோ மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குபவள்.
புதுமழை மண்வாசம் அடித்தால்
கிருமிகள் நலம்.
அழுகின முட்டையென்றால்
அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது.
கோடிக் கூலிகள்,
சங்கமில்லை, விடுப்பில்லை,
நாம் கழித்ததே சாப்பாடு.
காற்று மட்டும் கேட்கும்.

நேற்று இரண்டு பத்துக்குக் காற்றூதி நின்றது.
அறுந்த பெல்ட் தரையில் செத்த பாம்பாய்க் கிடந்தது.
மாற்றுப் பெல்ட் கேட்டு மார்ச்சில் எழுதிய கடிதம்
கோப்பில் பத்திரமாய் இருக்கிறது.
காற்றில்லாமல் தொட்டியைக் காலி செய்ய முடியாது.
மழையோ நிரப்பிக்கொண்டே இருந்தது.

மதகுச் சாவி என் இடுப்பில்.
ஒரே திருகு.
எல்லாம் நேரே ஆற்றோடு போய்விடும்,
இருட்டில், மழையில்.
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம்கூட உண்டு.

போன வருஷம் திருகியிருக்கிறேன்.
மூன்றாம் நாள் ஆ கியோங் வந்தார்,
கீழே ஏரியில் கூண்டு கட்டித் தீலாப்பியா வளர்ப்பவர்.
கத்தவில்லை.
என் மேசையில் நாளிதழை விரித்து
ஒரு மீனை வைத்தார்.
அதன் வாய் திறந்தபடி இருந்தது.
தேநீர் கொடுத்தேன், குடித்தார்.
போகும்போது மீனை எடுத்துப் போகவில்லை.

ரொஸ்லிக்குப் போன் அடித்தேன்.
"காக் லீலா, மணி மூன்று" என்று முனகியவன்
கால்மணியில் வந்து நின்றான்,
மழைச்சட்டைக்குள் கைலி,
தோளில் மச்சான் பட்டறையிலிருந்து ஒரு லாரி பெல்ட்.
அரை சாண் நீளம் அதிகம்.
மோட்டாரின் மரைகளைத் தளர்த்தி
கடப்பாறையால் பின்னுக்கு நெம்பினோம்.
நடுவில் தொட்டி விளிம்புக்கு நாலு விரல்.
அப்புறம் மூன்று.
லாலான் மண்டிய பழைய குளத்துக்கு
மிச்சத்தைத் திருப்பிவிட்டேன்.
அங்கே குடியிருந்த உடும்பு
வாடகை பாக்கி வைத்தவனைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போனது.

நாலு ஐம்பதுக்கு
கருப்பு நீரில் ஒரு குமிழி.
அப்புறம் எண்ண முடியவில்லை.

காலையில் மாதிரிப் புட்டியை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
தெளிவு என்று எழுதக் கை வரவில்லை.
சுமார் என்று எழுதினேன்.

வீட்டில் தலையோடு இரண்டு வாளி ஊற்றிக்கொண்டேன்.
அந்த நீர் தாமான் மூலை திரும்பி
கோயில் நீர், சூராவ் நீர்,
கோழிக்கடை நீரோடெல்லாம் கலந்து
நாற்பது நிமிஷத்தில் அங்கே போய்ச் சேரும்.
பாவம், இன்றைக்கு ரொஸ்லி முறை.
பெல்ட் தாங்க வேண்டும்.