இரண்டாவது முடிச்சு

உட்டுவாடோவில் புயல் கடந்து ஒன்பதாம் நாள்.
டயாலிசிஸ் மையத்துக் குழாயைத் தொட்டால்
சுள்ளென்கிறது என்றாள் தாதி.

ஜெனரேட்டர் உறும
மிக்டாலியா பச்சை வயரைக்
கவ்வி மீட்டரால் பிடித்தாள்.
நான்கு ஆம்பியர்.
சும்மா இருக்க வேண்டிய வயர்.

இங்கே சுவிட்ச் நியூட்ரலை வெட்டுவதில்லை.
அது மண்ணைத் தொடுவது
ஒரே இடத்தில், பிரதான பலகையில்.
இன்னொரு முடிச்சு விழுந்தால்
திரும்பும் மின்சாரம்
குழாய், தகரம், நாற்காலிக் கால் என்று
கண்ட வழியெல்லாம் நடக்கும்.

கடைசி நோயாளி எழும்வரை காத்திருந்து
எஞ்சினை அணைத்து மூடியைக் கழற்றினாள்.
செம்புப் பட்டை. நேர்த்தியான இறுக்கம்.
பக்கத்தில் மார்க்கரில்
போன புயலின் தேதி,
அவள் கையெழுத்து.

பட்டை சட்டைப்பையில் போனது.
மறுபடி ஓட்டினாள்: சுழியம்.

வெறுங்கையால் குழாயைத் திறந்து
வெகுநேரம்
விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.