பதினான்காம் ஊதுகுழல்

காலை ஆறு மணி. வெளியே பத்தொன்பது பாகை.
ஊதுலைக்கு உள்ளேயும் பத்தொன்பது பாகை.
எழுதிக் கையெழுத்திட்டேன்: ஒஹுநேநே, கருவிப் பிரிவு.
முப்பத்துமூன்று ஆண்டுகளாக என் வேலை இது,
எரியாத உலைக்குக் காய்ச்சல் பார்ப்பது.

நைஜர் ஆறு வளைகிற இடத்தில்
ஒரு நாட்டுக்கே இரும்பு வடிக்க எழுப்பிய ஆலை.
தாளில் தொண்ணூற்றெட்டு விழுக்காடு முடிந்தது.
மீதி இரண்டு எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.
அது வந்திருந்தால்
ஆயிரத்து ஐந்நூறு, ஆயிரத்து அறுநூறு என்று எழுதியிருப்பேன்.
பதிவேட்டில் நான்கு இலக்கத்துக்கு இடம் விட்டு
அச்சடித்திருக்கிறார்கள்.
முதல் இரண்டு கட்டமும் இன்றுவரை வெள்ளை.

அச்சடித்தவர்கள் ரஷ்யர்கள்.
வால்வுகளின் கழுத்தில் இன்னும் அவர்கள் எழுத்துதான்.
ரவீல் என்ற பொறியாளர்
தன் நாடே கலைந்துபோன ஆண்டில் பெட்டி கட்டிக்கொண்டு
எந்த ஊருக்குப் பயணச்சீட்டு எடுப்பது என்று
அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகக் கேட்டுப்போனார்.

உருட்டாலை மட்டும் கொஞ்ச காலம் ஓடியது,
வேறெங்கோ வார்த்த கட்டிகளை விலைக்கு வாங்கி.
அடுத்த வீட்டுச் சோற்றை
நம் தட்டில் போட்டு விருந்து வைத்ததுபோல.
பிறகு அதுவும் இல்லை.

அமைச்சர்கள் வருவார்கள். நாங்கள் வர்ணம் பூசுவோம்.
விலைச்சீட்டு கிழிக்காத தலைக்கவசத்தோடு அண்ணாந்து பார்த்து
'பதினெட்டு மாதம்' என்பார்கள்.
ஒயீஸா என் வயிற்றில் இருந்தபோது ஒரு பதினெட்டு மாதம்.
அவள் பள்ளி முடித்தபோது இன்னொன்று.
போன வருடம் வந்தவர் இருபத்துநான்கு என்றார்;
நேர்மையானவர் என்று பேசிக்கொண்டோம்.
ஊதுலையைக் காட்டி வாங்கிய சம்பளத்தில்
வீட்டு உலை கொதித்தது,
அதுவும் எல்லா மாதமும் அல்ல.

ஆடெய்ஸாவுக்கு எண்ணெய்ப் பிரிவு.
சுழலாத தண்டுகளை மாதம் ஒருமுறை
தோள் கொடுத்துக் கால் சுற்று திருப்பிவைப்பான்,
படுக்கையில் கிடப்பவரைப்
புண் வராமல் புரட்டிப்போடுவது மாதிரி.
திருப்பும்போது ஏதோ முணுமுணுப்பான்.
என்னவென்று நான் கேட்டதில்லை.

இந்த டிசம்பரில்
ஹர்மட்டான் காற்று பாலைவனத்தை அள்ளிவந்து
என் பதிவேட்டின்மேல் கொட்டிய ஒரு விடியலில்,
எல்லா ஊதுகுழலிலும் பத்தொன்பது.
பதினான்காவதில் முப்பத்தைந்து.

கருவி கெட்டுவிட்டது என்று மாற்றினேன். முப்பத்தைந்து.
நண்பகல், வெளியே முப்பத்தொன்று. அங்கே முப்பத்தைந்து.
நள்ளிரவில் டார்ச்சோடு வந்து பார்த்தேன்.
பிடிவாதமாக அதே முப்பத்தைந்து.

திருகுசாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
இரும்பு ஏணியில் ஏறி
குழலின் வயிற்றில் காது வைத்தேன்.
வேலை நடக்கிற சத்தம்.
முப்பத்துமூன்று ஆண்டில் நான் கேட்காத சத்தம்.

மூடி விலகிய இடுக்கு வழியே தேனீக்கள்,
காலில் மஞ்சள் பொடியோடு,
ஷிஃப்டு மாறுகிறவர்கள் போல
முட்டி மோதாமல் போய்வந்தன.
குஞ்சுகளுக்குக் குளிராமல்
உடம்பை உதறி உதறிச் சூடேற்றுகின்றன.
எரிபொருள், ஆற்றங்கரைப் பூக்கள்.

'புகை போட்டு விரட்டவா?' என்றான் ஆடெய்ஸா.
'இந்த உலையில் முதல் நெருப்பை
அதற்கா வைப்பாய்?' என்றேன்.
தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பதிவேட்டின் கடைசிக் கட்டம், குறிப்பு.
நாள்தோறும் அங்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவேன்.
பேனாவில் புழுதி அடைத்திருந்தது. உதறி எழுதினேன்:
பதினான்கு இயங்குகிறது.

மறுநாள் வெளியே பதினேழு. அங்கே முப்பத்தைந்து.
ஏணியிலிருந்து இறங்கி வந்த ஆடெய்ஸாவின் கையில்
துருப்பிடித்த நான்கு திருகாணிகள்.
பதினைந்தாவதன் மூடியையும்
லேசாகத் திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறான்.