முறைத்தண்ணீர்

ஓட்டுப்பட்டறை மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும்
பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை
நான்தான் தண்ணீர் திறந்துவிடுகிறேன்.
இரண்டடி நீளத் திருகுச்சாவி, துருப்பிடித்த வால்வு,
இடப்பக்கம் ஒன்பதரைச் சுற்று.
பத்தாவது சுற்றில்
மேல்வரிசைக் குழாய்களில் காற்றுதான் வரும்.

பம்ப் அறை வாசலில்
பாதியாய் அறுத்த நீல டிரம்மில் ஒரு சைகஸ்.
மாற்றலாகிப் போன ஜூனியர் என்ஜினியர் ஹென்றி
லாரியில் இடமில்லாமல் விட்டுப்போனது.
கீழ்ச்சரிவுக் காட்டில் இதை ஈந்து என்பார்கள்.
பனை மாதிரி இருக்கும். பனை இல்லை.
"தண்ணி கம்மியா ஊத்துங்க பெள்ளிராஜ்.
இதைச் சாகடிக்க ஒரே வழி
பாசமா ஊத்துறதுதான்."
சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தை.
புல்வெளி உப்பு விளைந்ததுபோல் வெளுத்த காலைகளில்
சாக்கு போர்த்திவிடுவேன்.
மாதத்துக்கு ஒரு செம்பு,
அதுவும் வெயில் ஏறி, பனி சொட்டி முடிந்த பிறகு.
விரலை இரண்டு கணு மண்ணில் இறக்கி
ஈரம் தட்டினால்
செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவேன்.
கொடுக்காமல் திரும்புவது எனக்குப் பழக்கம்.
தெருவில் அதற்குத்தானே திட்டு வாங்குகிறேன்.

பங்குனியில் அணையின் பதினேழாம் படி வெளியே தெரியும்.
பத்து நாளைக்கு ஒரு செம்பு என்று கூட்டுவேன்.
ஆனியில் வரும் மேகமெல்லாம்
கூடலூரிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு
எங்களிடம் வெறுங்கையோடு வந்து நிற்கும்.
அந்த மூடுபனியே அதற்குப் போதும்.
செம்பு ஆணியில் தொங்கும்.

ஐப்பசி வந்தால் டிரம்மை உருட்டித்
தகரத்துக்கு அடியில் தள்ளவேண்டும்.
ஒரு வருடம் தள்ளவில்லை.
மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து
மெயின் குழாய் தொங்கிய பதினோரு நாளும்
இடுப்பளவு சேற்றில் நின்றிருந்தேன்.
திரும்பி வந்தால்
டிரம்மின் ஓட்டை அடைத்து, விளிம்புவரை தண்ணீர்.
இலையெல்லாம் மஞ்சள்.
அடித்தண்டை அழுத்தினேன்,
கட்டைவிரல் உள்ளே போனது.

அழுகலைக் கத்தியால் வழித்தெடுத்து
அடுப்புச் சாம்பல் பூசி
மோட்டாரின் சூட்டருகே படுக்கவைத்தேன்.
இலை இல்லை, வேர் இல்லை,
அன்னாசியின் அடிபோல் ஒரு கட்டை.
மாசியில் ஆற்றுமணலில் நட்டுவைத்தேன்.
அதுவரை
ஒரு சொட்டுத் தரவில்லை.
ஊருக்கே தண்ணீர் விடும் சாவி
தலைமாட்டில் சாய்ந்திருந்தது.

அந்தச் சித்திரையில் முறை
பதினெட்டு நாளாக நீண்டது.
மேல்வரிசைப் புனிதவதி என்மேல் காலிக்குடத்தை எறிந்தாள்.
குடம் உருண்டு சாக்கடையில் விழுந்தது.
நானே எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்,
அதற்கும் திட்டினாள்,
கழுவ மட்டும் தண்ணி இருக்கா என்று.

பதினெட்டாம் நாள் விடியுமுன்
குடங்கள் பம்ப் அறைவரை வரிசை கட்டிவிட்டன.
டார்ச்சைத் திருப்பினேன்.
கட்டையின் உச்சி பிளந்து
பழுப்பு ரோமத்துக்குள்ளிருந்து
பத்துப் பன்னிரண்டு இலை ஒரே சமயத்தில்
நிமிர்ந்துகொண்டிருந்தது.
ஒவ்வொரு சிற்றிலையும்
பழைய கைக்கடிகாரத்தின் சுருள்வில்லாய்ச் சுருண்டிருந்தது.

"செத்துப்போச்சுன்னீங்க?"
புனிதவதிதான்.
நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

ஒன்பதரைச் சுற்று.
குழாய் முதலில் இருமியது, பிறகு செம்மண் துப்பியது,
பிறகு தெளிந்தது.
ஆறு குடம் அவள் கணக்கு.
ஆறாவது குடத்தை இடுப்பில் ஏற்றியவள்
இறக்கினாள்,
ஒரு டம்ளர் மொண்டாள்,
சைகஸின் அடியில் ஊற்றினாள்.

முந்தாநாள்தான் நான் ஊற்றியிருந்தேன்.
வேண்டாம் என்ற சொல்
நாக்குவரை வந்துவிட்டது.
கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு
அடுத்த குடத்தை நகர்த்தச் சொன்னேன்.

அன்று மட்டும்
மண்ணில் விரலை இறக்கிப் பார்க்கவில்லை.