ஒந்நு மதி

கொழிஞ்சாம்பாறை பால் சொசைட்டியில்
காலை ஐந்தரைக்கு லாக்டோமீட்டரை மிதக்கவிடுகிற கை இது.
எந்த வீட்டுப் பாலில் எந்தக் கிணறு என்று
கருவி சொல்வதற்கு முன் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள்
பாலக்காட்டில், மூன்றாம் மாடியில்.
அச்சு ஆங்கிலம். விளக்கியது மலையாளம்.
பயந்தது மட்டும் தமிழில்.
'உள்ளே வைக்கும் கருக்களின் எண்ணிக்கை'
எதிரே ஒரு சின்னக் கட்டம்,
ஒற்றை இலக்கம் மட்டும் கொள்ளும்.

ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்தவை நான்கு.
ரெண்டு வையுங்க டாக்டர் என்றேன்.
சூசைராஜ் டெம்போவை விற்ற காசு இது,
விற்க இன்னொரு டெம்போ இல்லை.
மாமியார் கணக்கு வேறு:
ஒரே பிரசவம், ஒரே ஞானஸ்நான விருந்து.

டாக்டர் ஸ்ரீலேகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
முப்பத்தொரு வயது, முதல் தடவை, நல்ல கரு,
இங்கே வழக்கம் இதுதான் என்றார்.
ஒந்நு மதி, ஜெசிந்தா.

மதி.
என் பாடப்புத்தகத்தில் அது நிலா.
கடைத்தெருவில் அது போதும்.
இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி
உண்டவர்கள் சொல்கிற சொல்.
பசித்தவளிடம் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வேலந்தாவளத்தில் பிலோமினா இருக்கிறாள்.
அவளுக்கு வேறோர் ஊரில், வேறோர் இடத்தில்
மூன்று வைத்தார்கள். கட்டம் எதையும் காட்டவில்லை.
மூன்றும் ஒட்டின. தெருவே லட்டு தின்றது.
ஏழாம் மாதம் மூன்றும் வந்தன,
ஒன்றுகூட ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் கனம் இல்லை.
கண்ணாடிப் பெட்டிக்கு நாள் வாடகை,
நாற்பத்தியொரு நாள்.
இப்போது இரண்டு ஓடித் திரிகின்றன,
ஒன்றின் காதில் மெஷின்.
மூன்றாவதுக்குப் பெயர் வைத்தாயா என்று
நான் கேட்டதே இல்லை.
அன்று அவளாகவே சொன்னாள்: ரீத்தா.

சொசைட்டியில் நைட்ரஜன் கேன் உண்டு,
காளை விந்துக் குச்சிகளுக்கு.
திறந்தால் புகை தரையோடு நடந்து வரும்.
டாக்டரின் பின்னறையிலும் அதே கேன்,
கொஞ்சம் பளபளப்பு கூடுதல்.
என் மீதி மூன்றும் அதற்குள். அதற்கும் வருட வாடகை.

காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறக்கும் கிடேரி
பெரும்பாலும் சினை பிடிக்காது.
ரெண்டு கன்று என்று முதல் நாள் சிரித்தவர்களை
மூன்று வருடம் கழித்துப் பார்த்திருக்கிறேன்.
மாட்டுக் கணக்கு மனுஷிக்குப் பொருந்தாது, தெரியும்.
இருந்தாலும் அந்தக் கட்டிலில் கால் மடக்கிப் படுத்தபோது
ஜெபம் வரவில்லை, கிடேரிதான் வந்தது.

கட்டத்தில் 1 என்று எழுதியது கோபத்தில்.
பேனா தாளைக் கிழித்தது.

ஒட்டவில்லை என்றார்கள் பதினான்காம் நாள்.
சித்தூர் வரை பஸ்ஸில் அவன் பேசவில்லை.
பிறகு சொன்னான், ரெண்டு வெச்சிருக்கலாம்.
நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.
அவன் சொன்னதால் மறுத்தேன்.

மறுபடி அதே மாடி, புதுத் தாள்.
இம்முறை, ரெண்டு வேணும்னா பேசலாம் என்று
டாக்டரே கட்டத்தை விரலால் தொட்டார்.
பால் அளக்கிற கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.
பழைய எண்ணையே எழுதினேன்,
தாள் கிழியாமல்.

இன்று எட்டாம் நாள்.
தட்டில் சூசைராஜ் சோறு வைக்கிறான், இன்னும் வைக்கிறான்.
கையைக் குறுக்கே நீட்டாமல்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.